பதினாலாம் நம்பர் குழந்தையின் சாயங்காலங்கள்

அன்று சாயங்காலம் நான் ஏன் எந்தப் பட்டனையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்? குழந்தை மடியில் இருந்தாள். போன் காதில் இருந்தது. குழந்தை நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும் என்று பதிவு செய்த ஒரு பெண்குரல் தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டில் எது சரி என்று கண்ணால் பார்த்தே சொல்லியிருக்கலாம். என் விரல் நகரவில்லை. ஒன்றரை மாதம் ஆகிறது. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு நகரியில், தறிக்காரர்கள் தெருவில். கீழே என் கணவரின் அண்ணன் நான்கு பவர்லூம் ஓட்டுகிறார். அவரும் அவர் மனைவியும் கீழேயே பின்கட்டில் இருக்கிறார்கள். நாங்கள் மாடி. கல்யாணமாகி வந்த புதிதில் தரை அதிர்வது எனக்குப் பழகவே இல்லை. தம்ளரில் இருக்கும் தண்ணீர்கூட வட்டம் வட்டமாக நடுங்கும். இப்போது தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்துகொள்கிறேன். கணவருக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் ஒரு தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்காக விடுப்பு எடுத்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை.

தை மாதக் கடைசியில் பிறக்க வேண்டியவள் கார்த்திகையிலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சு விடுவது சில சமயம் மறந்துபோகும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படித்தான் சொன்னார், மறந்துபோகும் என்று. உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் நினைவு வந்து மறுபடி மூச்சு விடுமாம். பெட்டிக்குள் என் மகள் பல தடவை மறந்தாள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் கையை உள்ளே விட்டு அவள் காலைத் தேய்ப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போனால் யார் தேய்ப்பார்கள் என்பது ஒன்றுதான் எனக்கு அந்த ஐந்து வாரமும் யோசனை.

அதற்குத்தான் அந்தச் சாக்ஸ் கொடுத்தார்கள். சோதனை முறையில் நடத்தும் திட்டம் அது. எங்களைப் போன்ற சில குடும்பங்களுக்கு மட்டும். பட்டன் வைத்த, ஒரு கால் சாக்ஸ். அதன் ஒரு பக்கம் சிறிய சிவப்பு விளக்கு. எதிர்ப்பக்கம், உள்ளங்காலை ஒட்டி, நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். விளக்கின் வெளிச்சம் குழந்தையின் பாதத்தைத் தாண்டி ஜன்னலுக்கு எவ்வளவு வந்துசேர்கிறது என்பதை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று கணக்கிடும். கம்பி கிடையாது. அலமாரி மேல் ஒரு வெள்ளை டப்பா. அதற்குள் ஒரு சிம் கார்டு. சாக்ஸ் டப்பாவுக்குச் சொல்லும், டப்பா திருப்பதியில் இருக்கும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும். ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே போய் இருபது செகண்ட் அப்படியே இருந்தால் என் போன் அடிக்கும். நான் இரண்டை அழுத்தினாலோ, ஒரு நிமிடத்துக்குள் எதையும் அழுத்தவில்லை என்றாலோ, பக்கத்தில் எந்த ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று கம்ப்யூட்டரே பார்த்து அனுப்பிவிடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். வழி சொல்ல வேண்டாம்.

விதிமுறைகளை ஒரு தாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். காலுக்கு எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் கூடாது. போன் அடித்தால் சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலை நன்றாகத் தேய்த்து, ஜன்னலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மறுபடி போட வேண்டும். விதியை மீறினால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். காத்திருக்கும் குழந்தைகள் பலர்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று குழந்தையின் கன்னத்தில் ஒரு மைப் பொட்டு வைத்திருந்தேன். பெரிய நர்ஸ் பஞ்சை நனைத்து அதைத் துடைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "டீச்சர்தானே மேடம் நீங்க?" என்றார். அறையில் வேறு நான்கு தாய்மார்கள் இருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வீட்டில் முதல் இரண்டு வாரம் நிம்மதியாகப் போனது. டப்பாவில் ஆக்சிஜன் எண் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று நின்றது. பிறகு ஒருநாள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து குழந்தையைப் பார்க்க வந்தார்கள். "இம்மாத்தூண்டு கொழந்தைக்கு எம்மாம் பெரிய கண்ணு பாரேன்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் குனிந்து குனிந்து அந்தக் கண்ணையே பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு மனசு சரியில்லை. சாயங்காலம் வெந்நீரில் துணி நனைத்துக் குழந்தையைத் துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, சாக்ஸைப் போடும் முன் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தேன். கன்னத்தில் வைத்தால்தானே யாராவது பார்ப்பார்கள். மை என்பது எண்ணெயும் இல்லை, பவுடரும் இல்லை, க்ரீமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்தால்தான் மை என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் தெரியாதவளாக இருந்துகொண்டேன்.

அன்று விளக்கு வைத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

டப்பாவில் எழுபத்தாறு. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழந்தை அழவில்லை. விழித்துக்கொண்டு சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் விளக்கு போடவில்லை. இருட்டில் அவளுடைய ஒரு பாதம் மட்டும் சாக்ஸுக்குள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. நான் அவளைத் தூக்கி, சாக்ஸைப் பிடுங்கி, உள்ளங்காலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். ஜன்னலைத் துடைத்து மறுபடி போட்டேன். எண்பத்து நாலு. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்றேழு. நான் ஒன்றை அழுத்தினேன். கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது. அடடா, பொட்டு அழிந்துவிட்டதே, நாளைக்கு இன்னும் அழுத்தமாக வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். காலையில் இல்லை, மத்தியானம் இல்லை. துடைத்து, பொட்டு வைத்து, சாக்ஸ் போட்டு, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வருவேன். கால் மணியில் போன் அடிக்கும். கண்ணாடிப் பெட்டியில் மறந்தவள் வீட்டிலும் மறக்கிறாள், அதுவும் குறித்து வைத்ததுபோல ஒரே நேரத்தில் மறக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? நான் காலைத் தேய்ப்பேன். திரும்பி வருவாள். முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தினமும் எங்கோ போய்விட்டு வருகிற குழந்தை, போன அடையாளமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். முதல் சிரிப்பு. அது வந்தது டப்பாவில் எழுபத்து மூன்று இருந்தபோது.

நாலாம் நாள் காலை கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு சிஸ்டர் பேசினாள். தமிழும் தெலுங்கும் கலந்த குரல்.

"பதினாலு அம்மாவா?"

எங்களுக்கு அங்கே பெயர் இல்லை. என் மகள் பதினாலாம் நம்பர்.

"ஆமாங்க."

"பாப்பா எலா உந்தி, எப்படி இருக்கா? நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ரொம்ப அழுதாளே? நாலு மணிக்கு நல்லாத் தூங்கினா இல்ல?"

அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னது எல்லாம் சரி. நாடியைப் பார்த்தே சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

"சாயங்காலம் மட்டும் டிப் வருதும்மா, நம்பர் இறங்குது. அந்த டைம்ல நீங்க ஏதாவது செய்யறீங்களா?"

"ஒண்ணும் செய்யலையே. தொடச்சிவிட்டு சாக்ஸ் போடறேன். அவ்ளோதான்."

"காலுக்கு ஏதாவது பூசறீங்களா?"

"இல்லைங்க."

நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. பூசுவது வேறு, பொட்டு வைப்பது வேறு.

கீழே என் ஓரகத்தி, அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியவர். நான் படியில் வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?"

"நேத்தும் எழுபத்தி ரெண்டுக்குப் போச்சுக்கா."

"அது பொட்டி சொன்ன கணக்கு. கொழந்த எப்டி கீறா?"

"நல்லாத்தான் இருக்கா."

"பால் குடிக்கறா?"

"குடிக்கறா."

"அப்புறம் இன்னா? டீச்சரம்மா, உங்க பொட்டி கிட்ட பர்மிஷன் கேட்டுக்கினா கொழந்த மூச்சு வுடுது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "வெளக்கு வெக்கிற நேரத்துல மட்டும்னு சொல்றியே, அதான் எனுக்கும் ஒரு மாதிரி கீது. அந்த நேரத்துல கொழந்தைய எத்துக்கினு மொட்டமாடிக்குப் போவாத. காத்து கருப்பு எதுனா நடந்துக்கினு போவும்."

"சும்மா இருங்கக்கா."

"சரி, நான் சும்மா கீறேன். நீ துன்னியா, அத்த சொல்லு மொதல்ல."

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் பொட்டைப் பெரிதாக வைத்தேன். எண் அறுபத்தொன்பதுக்கு இறங்கியது. அடுத்த நாள் இன்னும் பெரிதாக வைத்தேன். பொட்டு பெரிதாக ஆக எண் சிறியதாக ஆனது. இப்போது எழுதும்போது இது ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அன்று எனக்கு இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று என் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போவது. இன்னொன்று நான் அதைத் தடுப்பது.

ஏழாவது சாயங்காலம் போன் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. நான்கு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. தரையின் அதிர்வு அடங்கியதும் வீடு எதையோ கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. டப்பா மட்டும் தன் பேட்டரியில் மின்னிக்கொண்டிருந்தது. அறுபத்தாறு. குழந்தையின் சிவந்த பாதம். அவள் வழக்கம்போல மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. எடுத்தேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு வயிற்றில் கை வைத்தேன். வயிறு ஏறி இறங்கியது. எண்ணினேன். உதடு சிவப்பாக இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் எதுதான் சிவப்பாக இருக்காது? என் கை சொல்வது சரியா, டப்பா சொல்வது சரியா? ஒன்றை அழுத்தினால் யாரும் வரமாட்டார்கள். நாளைக்கும் இதே நேரம் நான் தனியாக இதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டை அழுத்தினால் என் குழந்தை நன்றாக இல்லை என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும். குரல் மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியது. நான் காலைக்கூடத் தேய்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஆறு நாள் தேய்த்தவள் ஏழாம் நாள் தேய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் நின்றது. போனில் ஒரு செய்தி வந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது.

நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டில் நின்றிருந்த ஆம்புலன்ஸ் அது. தறிச்சத்தம் இல்லாத தெருவில் அது திரும்புவது முனையிலேயே கேட்டது. அக்கா மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார்.

"யாருக்குடி வண்டி? ஐயோ, கொழந்தைக்கா?"

பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஊழியர் டார்ச்சுடன் வந்தார். நடுவயதுக்காரர். அவர் பேசியதெல்லாம் தெலுங்கு. குழந்தையை வாங்கி, கண்ணிமையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு சாக்ஸ் இல்லாத காலில் தன் கருவியை மாட்டினார். தொண்ணூற்றெட்டு. அலமாரி மேல் எங்கள் டப்பா அறுபத்தைந்து என்றது.

ஒரே குழந்தை. இந்தக் காலில் அவள் உயிரோடு இருந்தாள். அந்தக் காலில் போய்க்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேரும் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தோம். அக்கா குழந்தையின் தலைமேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"சாக்ஸைக் கழட்டுங்கம்மா, பார்க்கலாம்" என்றார் அவர் தெலுங்கில்.

"நான் கழட்டறேன்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். சாக்ஸ் கழன்றது. உள்ளங்காலில் பொட்டு வியர்வையில் கசிந்து கலைந்திருந்தது. ஜன்னலின் மேல் அதே கறுப்பு, அதே வடிவத்தில்.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. கறுப்பு நிறம் ஒளியை உறிஞ்சும் என்று எத்தனை வகுப்பில் கரும்பலகையைக் காட்டியே சொல்லியிருக்கிறேன். சாக்ஸ் போட்டதும் சரியாக இருக்கும். கால் வியர்த்து மை கசிந்து ஜன்னலை மூடக் கால் மணி நேரம். நான் பயந்து காலைத் தேய்ப்பேன், ஜன்னலைத் துடைப்பேன், மை போய்விடும், எண் ஏறும். நான் உயிர் கொடுத்து உயிர் கொடுத்து எழுப்பியது என் மகளை இல்லை.

அந்த நிம்மதி வந்து சேர்வதற்குள் வெட்கம் வந்துவிட்டது. பின்னால் நிற்பவர் டார்ச்சோடு குனிந்தால் பார்த்துவிடுவார். டீச்சர்தானே மேடம் நீங்க? முந்தானையை எச்சிலில் தொட்டு உள்ளங்காலைத் துடைத்தேன். ஜன்னலையும் துடைத்தேன். பளிச்சென்று ஆன பிறகு சாக்ஸைத் திருப்பி அவரிடம் கொடுத்தேன்.

அவர் அதை முன்னும் பின்னும் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லையே. மெஷின்தான் ரிப்பேர்" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் புதுச் சாக்ஸ் வந்தது. நான் பொட்டு வைப்பதை நிறுத்தினேன். சாயங்காலங்கள் தொண்ணூற்றேழில் நின்றன.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்குத் திருப்பதி போனபோது, திட்டத்தில் இருக்கும் எல்லாத் தாய்மார்களையும் ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு இளம் இன்ஜினியர் சுவரில் ஒரு வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். பெயர் இல்லை, எண்கூட இல்லை. மேலே நேராகப் போகும் கோடு. அதில் ஏழு பள்ளங்கள், ஏழும் ஒரே நேரத்தில். நாட்கணக்கில் என் வீட்டில் நடந்ததை அத்தனை பேர் முன்னால் சுவரில் பார்த்தேன்.

"இந்தப் பாப்பா வீட்டுக்குக் கீழே தறி ஓடுது. தரை அதிரும்போது சென்சார் தப்பாப் படிக்குது. பாப்பா நல்லாத்தான் இருந்தா" என்றார். "அம்மாக்கள் அனாவசியமா பயப்பட வேணாம்னு செட்டிங் மாத்திட்டோம். இனிமே இருபது செகண்ட்ல போன் வராது. அறுபது செகண்ட் கீழேயே இருந்தாத்தான் வரும். எல்லா பாப்பாக்களுக்கும் அப்படித்தான்."

தாய்மார்கள் சிலர் தலையாட்டினார்கள். தறி காலையிலும்தான் ஓடுகிறது, ஏழாம் நாள் அது நின்றே இருந்தது, கரண்டே இல்லை என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

என் பக்கத்தில் சூளூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவள் மடியில் இருந்த பையன் என் மகளைவிடச் சிறியவன்.

"அறுபதாக்கா?" என்று என் காதருகில் கேட்டாள். "இவனுக்குப் போன மாசம் நெஜமாவே நின்னுபோச்சு. நான் கொல்லையில துணி அலசிக்கினு இருந்தேன். இருபது செகண்ட்ல போன் வந்துச்சு, ஓடியாந்தேன். அப்பவே ஒதடெல்லாம் நீலமாப் பூடுச்சு. அறுபதுன்னா நான் எப்ப வந்திருப்பேன்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கன்னத்தைப் பார்த்தேன். பொட்டு இல்லை. நர்ஸ் இவளுடையதையும் துடைத்திருப்பார்.

"நீ கால்ல மை கிய் வைப்பியா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பையனின் சாக்ஸை இழுத்து, ஏற்கெனவே மாட்டியிருந்த பட்டனை மறுபடி அழுத்தி மாட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொன்னா பொட்டிய வாங்கிக்குவாங்க. கையெழுத்து போட்டுக் குடுத்துகீற."

"அந்தப் பையன் இருக்கானேங்க."

"அவனுக்கு அவன் அம்மா கீறா. நம்ம கொழந்தைக்கு இன்னும் ரெண்டு மாசம் சாக்ஸ் வேணும்னு டாக்டரு சொல்லிகீறாரு. அதப் பாரு நீ."

அக்காவுக்கும் சொன்னேன். பொட்டு என்று ஆரம்பித்ததுமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எச்சில் தொட்டுத் துடைத்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"போய்ச் சொல்லிட்டு வந்துருடி. வெக்கம் இன்னா வெக்கம்? மை வெக்காத தாய் எவ கீறா?"

"சாக்ஸை வாங்கிக்கிட்டா?"

"நான் மேல வந்து படுத்துக்கறேன்டி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்" என்றார். அவர் படுத்தால் தறி ஓடினாலும் எழுந்திருக்காதவர்.

இப்போது வீட்டில் போன் அடிப்பதே இல்லை. இந்த அமைதி அந்த ஏழு சாயங்காலங்களைவிட மோசமாக இருக்கிறது. முன்பு டப்பா பேசாமல் இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது பேசாமல் இருந்தால் நன்றாகவும் இருக்கலாம், அது எண்ணிக்கொண்டும் இருக்கலாம். போன வாரம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது எண் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. மை இல்லை, எதுவும் இல்லை. வெறும் கால். இறங்கிய எண் அறுபது செகண்டுக்குள் தானாகவே ஏறிவிட்டது. அது உண்மையிலேயே மறந்ததா? கண்ட்ரோல் ரூமுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்த வீட்டில் சென்சார் தப்பாகப் படிக்கும் என்று அவர்கள் குறித்து வைத்துக்கொண்டுவிட்டார்கள். குறிக்கச் செய்தவள் நான். அதே குறிப்பு சூளூர்பேட்டையிலும், இன்னும் எனக்குத் தெரியாத ஊர்களிலும், அவரவர் வீட்டு அலமாரி மேல் உட்கார்ந்து அறுபது வரை எண்ணுகிறது.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதுவரை காத்திருப்பதே தப்பு என்று காலையில் தோன்றுகிறது. போனை எடுத்துக் கண்ட்ரோல் ரூம் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். சொன்னால் என் மகளின் காலிலிருந்து சாக்ஸைக் கழற்றி வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் போன் நாற்பது செகண்ட் தாமதமாக அடிக்கும் என்ற பயம்.

இதைப் படிப்பவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களும் இருக்கலாம். யாரிடம் முதலில் சொல்வது நல்லது? டாக்டரம்மாவிடமா, அந்த இன்ஜினியரிடமா, போனில் பேசும் சிஸ்டரிடமா? பேர் சொல்லாமல் ஒரு கடிதம் போட்டால் நம்பி அந்த இருபது செகண்டைத் திரும்ப வைப்பார்களா, அல்லது நேரில் போய்ச் சொன்னால்தான் கேட்பார்களா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா, அக்காவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போவதா? இப்படிச் சொன்ன பிறகும் கருவியை விட்டுவைத்தார்கள் என்று யாருக்காவது அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். வாங்கிக்கொண்டார்கள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். எப்படிச் சொன்னீர்கள், முதல் வார்த்தை என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.